அடித்தூண்டிலும் உயிர்க்காப்பும்

வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்கள், சட்டத்தின்மீது சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்துச் சமைத்த வேட்டைத் தோணியே கயாக் ஆகும். இக்காலத்தில் அது பிளாஸ்டிக்கினாற் செய்யப்பெற்று, நம் சோழமண்டலக் கரையிலும் மிதக்கின்றது. விடுமுறையில் அதிலேறித் தூண்டிலிட விழையும் மாணவர் பொருட்டுச் சில கூறுவாம்.

கடலடியில் இரைதேடும் மீன்களுக்குரிய தூண்டிலமைப்புகளுள் இரண்டு சிறந்தன. ஒன்று, நரம்பின் நுனியில் ஈயக்குண்டு தொங்க, அதற்கு மேலே குறுகிய கிளைநரம்புகளில் ஓரிரு முட்களை அமைப்பது. மற்றொன்று, துளையுடைய குண்டு நரம்பில் ஓடுமாறு கோத்து, அதற்குக் கீழே இரண்டு முழ நுனிநரம்பில் ஒரு முள்ளை அமைப்பது.

இவற்றுள் எதனைக் கொள்வது? முதலில் குண்டை மட்டும் இறக்கித் தரையைத் தட்டிப் பார்க்க. கல்லாயின் கைக்கு அதிர்ச்சி தெரியும். சேறாயின் மெத்தென அமிழும். கலவாயும் விளைமீனும் ஒதுங்கும் பார்நிலத்திற்கு முதலமைப்பே ஏற்றது. முட்கள் தரைக்கு மேல் நிற்றலின் சிக்குவது குறையும். கிழங்கான் மேயும் மணல்நிலத்திற்கு இரண்டாவது ஏற்றது. இரையை இழுக்கும் மீன் குண்டின் பாரத்தை உணராது. எதுவாயினும், தரையில் நிற்கும் அளவுக்குக் குறைந்த எடையே போதும்.

இங்கே ஒரு விதி உண்டு. பெருநரம்பு 10 கிலோ தாங்குவதாயின், குண்டைக் கட்டும் நரம்பு 4 கிலோ தாங்குவதாக இருத்தல் வேண்டும். கல்லிடுக்கில் அகப்பட்டால் குண்டு மட்டும் போம். முள்ளும் மீனும் மிஞ்சும். எதனை இழக்கலாம் என்பதைக் கரையிலேயே முடிவு செய்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

உயிர்க்காப்பும் இவ்விதியின்பாற்பட்டதே. யாம் ஒருகால் நங்கூரக் கயிற்றைத் தோணியின் நடுப்பக்கத்திற் கட்டினோம். நீரோட்டம் இழுக்க, அலையொன்று மோதத் தோணி கவிழ்ந்தது. முடிச்சை அவிழ்க்க இயலவில்லை, கத்தியும் கைக்கெட்டவில்லை. மிதவைச் சட்டையை அணிந்திருந்தமையாலன்றோ இதனை எழுதுகின்றோம்! அன்று முதல் நங்கூரத்தை அணியத்திலோ பின்தலையிலோ கட்டுவதன்றிப் பக்கத்திற் கட்டுவதில்லை. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே இடுகின்றோம். கத்தி மார்பில் இருக்கும்.

சிக்கிய நரம்பைக் கையிற் சுற்றி இழுத்தலும் ஆகாது. கையும் அறுபடும், தோணியும் சாயும். கவிழ்ந்த தோணியை நிமிர்த்தி மீள ஏறும் பயிற்சியை, துணைவரோடு இடுப்பளவு நீரிற் பலமுறை செய்தபின்னரே ஆழத்திற்குச் செல்க. நம் கீழைக்கரையில் மேல்காற்று தோணியைக் கடலுக்குள் தள்ளும். போதல் எளிது, மீளுதல் அரிது. அது வலுத்த நாளிற் கரையிலிருத்தலே அறிவு. செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறுக. நீர்புகா உறையிலிட்ட கைபேசியில் இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண் இருக்கட்டும்.

மாணவர்காள்! ஈயக்குண்டும் நங்கூரமும் கடைத்தெருவிற் கிடைக்கும். அவற்றை விடவேண்டிய வேளையில் தயங்காது விடுக.