பதினைந்து நிமிடக் கணக்கு: தேயிலை பெக்டரியின் மின்பட்டியலைக் குறைக்க

2022 ஆகஸ்டில் இலங்கையின் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். பின்னர் கூடியும் குறைந்தும் வந்தாலும், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளுக்கு மின்பட்டியல் இன்றும் பெரிய சுமைதான். லைட்டை அணைப்பதால் மிஞ்சுவது சில்லறை. பெரிய தொகை எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பட்டியலை விரித்து வையுங்கள். ஒப்பந்தக் கேள்வி 42 கேவிஏக்கு மேற்பட்ட தொழிற்சாலைக்கு யூனிட் விலை மூன்று: பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரம், அதன்பின் காலை 5.30 வரையான மலிவு நேரம். இதோடு உச்சக் கேள்விக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எடுக்கிறது. அந்த மாதத்தில் மிக அதிகமாகப் பதிவான சராசரிக்கே கேவிஏ கணக்கில் பணம் கட்டுகிறோம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கால்மணி நேரம் போதும்.

இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் நிலையம் இரவு பகலாக ஓடும்போது, நாடெங்கும் விளக்கெரியும் மாலை நேரத்துக்கென்றே வேறு இயந்திரங்களையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சில மணி நேரமே ஓடினாலும், அவற்றைக் கட்டிய கடனுக்கு வட்டி நாள் முழுக்க ஏறும். நம் ஊவாவின் உமா ஓயா நீர்மின் நிலையம் 2024இல் 120 மெகாவாட்டைச் சேர்த்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

அடுத்து, சுமைக் காரணியைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, மாதம் 36,000 யூனிட், உச்சம் 100 கிலோவாட் என்றால், 36,000ஐ 100 தர 720 மணியால் வகுக்க 0.5 வரும். கட்டணம் கட்டிய கொள்ளளவில் பாதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

இனி அந்த உச்சம் எப்போது வந்தது என்று தேடுங்கள். மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டால்தான் கேள்வி ஏறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சில விநாடிதான்; 15 நிமிடச் சராசரியில் கரைந்துவிடும். உண்மையான காரணம், எல்லாம் சேர்ந்து ஓடுவது. அதிகாலையில் மீதிக் கொழுந்துக்கு வாட்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, ரோலர் தொடங்கி, ட்ரையரும் கிளம்பி, நேற்றைய தூளைச் சலிப்பதும் அதே வேளையில் நடந்தால் கணக்கு எகிறும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஸ்விட்ச் போடுவது மட்டும் போதாது. சலிப்பது, தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது ஆகியவற்றை வேறு நேரத்துக்கே மாற்ற வேண்டும். அதுவும் மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் வராமல்.

வாட்டல் ஃபேனில் கை வைக்கும்போது கவனம். மாலையில் வந்த ஈரக் கொழுந்துக்குக் காற்றை நிறுத்தினால் அது சூடேறிச் சிவந்துவிடும்; கரண்டில் மிச்சம் பிடித்ததைவிட ஏலத்தில் இழப்பது அதிகம். மேல் ஈரம் போனபின் வேகத்தைக் குறைக்கலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டி 20 சதவீதம் குறைத்தால், ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று வீசும் ஊவா சீசனில் இதற்கு நல்ல வாய்ப்பு.

திறன் காரணியை உயர்த்தும் கெப்பாசிட்டரையும் சோதியுங்கள். திறன் காரணி 0.8 என்றால் அதே 100 கிலோவாட்டுக்கு 125 கேவிஏ பதிவாகும், 0.95 ஆக்கினால் சுமார் 105. இயந்திரம் ஒன்றைக்கூட நிறுத்தாமல் 20 கேவிஏ குறைகிறது. பழுதான கெப்பாசிட்டர் பெட்டி சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது. எலக்ட்ரீஷியனிடம் ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

டீமேக்கர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதாமாதம் வரும் கேவிஏ எண்ணை ஒஃபீஸ் கோப்பில் பூட்டி வைக்காதீர்கள். ரோலர் அறையில் எழுதிப் போடுங்கள். ஸ்விட்ச் போடுகிறவருக்கு அந்த எண் தெரிய வேண்டும்.