மென்பொருளுக்குப் பாட்டுத் தெரியாது

“நாலு மணி நேரக் கச்சேரியா? கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு பட்டனைத் தட்டுங்க. மௌனம் வர்ற இடமாப் பார்த்து அதுவே பாட்டுப் பாட்டா வெட்டிடும்.” பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதைப் பற்றி கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இது தவறு. இதை நம்பி, ஒரே ஒரு பிரதி மட்டும் மிஞ்சியிருக்கும் பதிவுகளைக் குதறிவைக்கிறார்கள் என்பதால் இந்த வாரம் இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களில் அப்படி ஒரு கருவி இருப்பது உண்மை. ஒலி நாம் சொன்ன டெசிபெல் அளவுக்குக் கீழே இறங்கி, நாம் சொன்ன விநாடிகள் வரை அங்கேயே இருந்தால், அதை மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஸ்டூடியோவில் பதிவாகி, பாட்டுக்குப் பாட்டு வெற்றிடம் விட்டு வந்த கேசட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். திருவிழா மேடையில் மௌனத்துக்கு எங்கே போவது? சுருதிப்பெட்டி நிற்பதில்லை. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. போதாததற்கு டேப்பின் இரைச்சல் வேறு. பாட்டு முடிந்ததும் கைதட்டலும் விசிலும் எழும். ஆக, வெட்ட வேண்டிய இடத்தில்தான் சத்தம் உச்சத்தில் இருக்கிறது.

ஒலி இறங்குவதெல்லாம் வேறு இடங்களில்: ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும்போது, விருத்தத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவில், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கையைத் தூக்கி ஒரு கணம் நிறுத்தும்போது. கருவி அங்கேதான் கத்தியை வைக்கும். டெசிபெல் எல்லையை உயர்த்தினால் ஒரே விருத்தம் பல துண்டாகும். தாழ்த்தினால் நாலு பாட்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவே சரியான எண் ஒன்று இருக்கும் என்று தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது எத்தனை கடினம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965இல் இங்கே பிடித்தார்கள். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் அதற்காக சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மற்ற காஸ்மிக் கதிர்களை மேலேயுள்ள பாறை தடுத்து நிறுத்தியதால்தான் அந்த அரிய சமிக்ஞை தெரிந்தது. திருவிழா மேடைக்கு மேல் பாறை கிடையாது. அங்கே நமக்குள்ள ஒரே வடிகட்டி காது.

ஆகவே உட்கார்ந்து கேளுங்கள். நாலு மணி நேரக் கச்சேரிக்கு நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஆடாசிட்டியில் பதிவு ஓடும்போதே கன்ட்ரோல்-எம் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். பாட்டின் பெயரை அதில் அடியுங்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கைதட்டல் தணிந்து அடுத்த அறிவிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் லேபிளை நகர்த்துங்கள். அறிவிப்பு அடுத்த பாட்டோடுதான் சேர வேண்டும். எல்லாம் முடிந்ததும் லேபிள்படி தனித்தனிக் கோப்புகளாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வெட்டினால் தரம் குறையும் என்பது வேவ், ஃப்ளாக் கோப்புகளுக்குப் பொருந்தாது. எம்பி3ஐத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3யாகச் சேமித்தால் மட்டும் குறையும், அது இரண்டாம் முறை சுருக்கப்படுவதால். எம்பி3 மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் எம்பி3டைரக்ட்கட் மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும். எம்பி3ஐ வேவாக மாற்றினால் போன தரம் திரும்பும் என்பது வெறும் ஆசை. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள். மெல்லிய விருத்தமும் குத்துப்பாட்டும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். பாட்டுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. சிடி எழுதும் மென்பொருளில் அதைப் பூஜ்யமாக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதற்குத்தான்: “வெட்டியாச்சே, முழுசு எதுக்கு? அழிச்சுடு.” 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் நாலு மணி நேரப் பதிவு ஏறக்குறைய இரண்டரை ஜிபி. 32 ஜிபி பென்டிரைவில் அப்படிப் பன்னிரண்டு கச்சேரி அடங்கும். இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அழிப்பது எதை என்றாவது தெரிந்து அழியுங்கள். பாட்டுகளுக்கு நடுவே மைக்கில் ஒருவர், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இன்ன லைனைச் சேர்ந்த இன்னார் நூற்றியொரு ரூபாய் அன்பளிப்பு என்று படிப்பார். தொலைந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, மேடைக்குப் பக்கத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்வார். 2001 பிப்ரவரி 28இல் இங்குள்ள தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. இருப்பவர்களில் எத்தனையோ பேர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எந்த லைனில் யார் இருந்தார்கள், யார் பெயருக்குக் கூட்டம் கைதட்டியது என்பதெல்லாம் அந்த அறிவிப்புகளில் இருக்கிறது. சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும், இது வேறெங்கும் கிடைக்காது.

முழுப் பதிவை ஃப்ளாக்காக இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். கேசட் பக்கம் திருப்பியபோது அறுந்துபோன பாட்டை ஒட்டுப்போட்டு மறைக்காமல், அங்கே அறுந்தது என்று லேபிளில் எழுதுங்கள். அறிவிப்பில் வரும் ஆள் பெயர், லைன் பெயர் எல்லாவற்றையும் லேபிளாகப் போட்டால், ஆடாசிட்டி அவற்றை நேரக்குறிப்போடு ஒரு டெக்ஸ்ட் கோப்பாகத் தனியே எடுத்துத் தரும். இதைச் செய்யும்போது சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். குரலை வைத்தே ஆளைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கூப்பிடுங்கள்.