18 வயதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுவது யார்?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்தியத்துக்குக் கூட்டி வருகிற தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது: "எங்க காலத்துக்கப்புறம் இவனை யார் டாக்டர் பார்த்துக்குவாங்க?" இதற்குச் சூரணமோ லேகியமோ கிடையாது. ஆனால் சட்டத்தில் வழி இருக்கிறது.

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றவர்கள் என்பதாலேயே நாம் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். "பெத்தவங்க நாங்க கையெழுத்துப் போட்டா போதாதா?" என்பீர்கள். போதாது. தாத்தா சொத்தில் அவன் பங்கைப் பிரிக்கும்போதுதான் இந்தச் சிக்கல் தெரியவரும். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று உயிலில் எழுதினாலும், அதனால் மட்டும் அண்ணன் பாதுகாவலர் ஆகிவிட முடியாது.

இதற்காகவே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்று பார்த்துக் குழு நியமிக்கும். பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். சொத்தைச் சுருட்டினாலோ, பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, உறவினர்கள் புகார் செய்து அவரை நீக்கலாம்.

மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "அப்பாகிட்ட பவர் எழுதி வாங்கிட்டோமே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டம். பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை அந்தக் குடும்பம் பட்ட அலைச்சலை நினைத்துப் பாருங்கள்! அதனால் மறதி லேசாகத் தலைகாட்டும்போதே, பெரியவர் தெளிவாக இருக்கையில் வக்கீலைப் பார்த்து உயில், வங்கி நாமினி எல்லாவற்றையும் அவர் விருப்பப்படியே முடித்துவிடுங்கள்.

பாதுகாவலர் என்றால் எஜமானர் என்று அர்த்தமில்லை. முடிந்தவரை அவரையும் கலந்துகொண்டு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். என்ன சட்டை வேண்டும், என்ன சாப்பாடு வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள். தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

ஊனச் சான்றிதழோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்யுங்கள்.