வைத்தியம் பயிலும் பிள்ளைகளும் உறக்கமும்

சித்தியவானிலிருந்து ஈப்போ சென்று வைத்தியம் பயிலும் பிள்ளைகள், பரீட்சை வந்தால் தேநீரைக் குடித்து விடிய விடியப் படிக்கின்றனர். நாமும் பெருமை பேசுகிறோம். இது நஷ்டக் கணக்கு. சிட்டையிலுள்ளதை இரவில் பேரேட்டில் ஏற்றுவதுபோல, பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்துவது உறக்கத்தில்தான். வாலிபர்க்கு 7 மணி நேரமாவது வேண்டும். குர்ஆன் ஷரீபின் 78 ஆம் சூரா, 9 ஆம் ஆயத்தும் உறக்கத்தை இளைப்பாறுதலாகவே கூறுகிறது.

வாரக்கணக்கில் உறக்கமின்றி மனஞ்சோர்ந்தும் பிள்ளை வாய் திறப்பதில்லை. காரணம் நாமே. தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் நடக்கும் மனநோய் ஆஸ்பத்திரியின் பெயரைக் கடையில் உட்கார்ந்து கேலிக்கு வழங்குகிறோமல்லவா? (நானும் வழங்கியவன்தான்.) நாளை அங்கே டாக்டராகப் போகக்கூடியவனே அப்பெயருக்கு அஞ்சுகிறான். விடுமுறையில் வந்ததும் மார்க்கை விசாரிக்குமுன், "அத்தா, தூக்கம் வரமாட்டேங்குது" என்று சொல்ல இடங்கொடுங்கள். சொன்னால், அன்றே நீங்களே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.