ஃபயர்வால் இருந்தால் பிஷிங் வராதா?

"ஃபயர்வால் போட்டாச்சு, மெயில் ஃபில்டரும் இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கும் மேலாளர் எல்லா அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது பாதி சரி. மொத்தமாக அள்ளி வீசப்படும் மோசடி மெயில்களில் பெரும்பகுதியை இந்தக் கருவிகள் வாசலிலேயே மறித்துவிடும். உங்கள் நிறுவனத்தைக் குறிவைத்துத் தயாரித்து அனுப்புவதுதான் தப்பி உள்ளே வரும்.

2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேருக்கு நடந்ததைப் பாருங்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாக நடத்தும் அமெரிக்க நிறுவனம் அது. ஒரு நிமிடத்துக்குள் அதன் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருந்த லிங்க், அலுவலக லாகின் பக்கத்தைப் போன்ற போலிப் பக்கத்துக்குப் போனது. அந்த டொமைனைப் பதிவுசெய்து 40 நிமிடம்கூட ஆகவில்லை. எந்தத் தடைப்பட்டியலில் அது இருந்திருக்கும்? எஸ்எம்எஸ்ஸோ அலுவலக நெட்வொர்க் பக்கமே வருவதில்லை. மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தும்விட்டார்கள். ஆனாலும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அங்கே எல்லோருக்கும் ஹார்டுவேர் செக்யூரிட்டி கீ உண்டு. ஓடிபியை ஏமாந்த ஆள் போலிப் பக்கத்திலும் தட்டிவிடுவார். இந்தக் கீயோ, உண்மையான தளத்தின் முகவரி இல்லாவிட்டால் வேலையே செய்யாது. ஏறக்குறைய அதே சமயத்தில் இதே மாதிரித் தாக்குதலில் ட்விலியோ நிறுவனத்தில் வாடிக்கையாளர் தகவல்கள் பறிபோயின.

ஆகவே ஐடி பிரிவில் இருப்பவர்களுக்கு என் யோசனை: இன்னொரு ஃபில்டர் வாங்கும் முன், செக்யூரிட்டி கீக்கோ, அதே மாதிரி போலிப் பக்கத்தில் வேலை செய்யாத பாஸ்கீக்கோ பட்ஜெட் கேளுங்கள். டிமார்க் அமைப்பையும் சரிபாருங்கள். உங்கள் டொமைன் பெயரிலேயே போலி மெயில் போவதை அது தடுக்கும். ஓர் எழுத்து மாற்றிய டொமைனை அது கண்டுகொள்ளாது.

கருவி சரியாகவே வேலை செய்தும் ஆள் கெடுத்த கதையும் உண்டு. 2011இல் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்கு வந்த விஷ மெயில் குப்பை ஃபோல்டருக்குத்தான் போனது. '2011 ஆட்சேர்ப்புத் திட்டம்' என்ற தலைப்பைப் பார்த்து ஓர் ஊழியர் அதை வெளியே எடுத்து, எக்செல் கோப்பைத் திறந்துவிட்டார்.

கணக்குப் பிரிவினர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், சப்ளையர் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பியே கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்கள் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முதலாளியே அவசரப்படுத்தினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

தவறிப்போய் கிளிக் செய்துவிட்டால் மறைக்க வேண்டாம். உடனே ஐடிக்குச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றி, எல்லா லாகினையும் வெளியேற்றச் சொல்லுங்கள். கிளவுட்ஃபிளேர் அந்த மூன்று பேரைக் கண்டிக்கவில்லை என்பதை உங்கள் மேலாளருக்கும் சொல்லுங்கள். பணமே போயிருந்தால், இந்தியாவில் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 1930.