திண்ணையும் முச்சந்தியும்

நுழையும்முன்

நேரில் பேசும்போது கேட்போரின் முகம் பேசுவோருக்குத் தெரியும். இணையத்தில் எழுதும்போதோ படிப்போர் யாவர் என்பது எழுதுவோருக்கே தெரிவதில்லை. எந்தத் தளத்தில், யாருக்காக, எதை எழுதுவது என்னும் தெளிவு இக்காலத்தில் மொழித்திறனின் ஒரு பகுதியாகிவிட்டது.

இருவகைத் தளங்கள்

2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கெனத் தொடங்கப்பட்டது முகநூல். ஒருவர் நட்பு வேண்ட, மற்றவர் அதனை ஏற்றால்தான் அங்கு நட்புத் தொடர்பு உருவாகும். இத்தகையது சமூக வலைத்தளம். 2006ஆம் ஆண்டில் தோன்றிய ட்விட்டர், 2023 ஜூலை முதல் எக்ஸ் என வழங்கப்படுகிறது. இது குறும்பதிவுத் தளம். பதிவுகளைப் பூட்டி வைத்தாலன்றி, ஒருவரைப் பின்தொடர அவருடைய இசைவு வேண்டுவதில்லை.

முன்னது வீட்டுத் திண்ணையைப் போன்றது. உற்றாரும் அண்டை அயலாரும் அமர்ந்து உரையாடுவர். பின்னது முச்சந்தியைப் போன்றது. வழிப்போக்கரும் நின்று கேட்பர். எனினும், முகநூலில் 'அனைவருக்கும்' என்னும் அமைப்பைத் தெரிவு செய்தால் திண்ணையும் முச்சந்தியாகிவிடும்.

அளவும் தமிழெழுத்தும்

கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அளவு 160 குறிகள். அதில் பயனர் பெயருக்கு 20 குறிகளை ஒதுக்கி, எஞ்சிய 140 குறிகளைத் தன் பதிவின் எல்லையாக ட்விட்டர் வகுத்தது. 2017 நவம்பரில் அவ்வெல்லை 280 ஆக உயர்ந்தது. கணினி தமிழெழுத்தை எண்ணும் முறை வேறு. 'மே' என்னும் ஓரெழுத்தை மகரம், ஏகாரக் குறி என இரண்டாகக் கொள்ளும். புதுச்சேரியின் தொழிற்பேட்டைப் பகுதியான 'மேட்டுப்பாளையம்' நமக்கு எட்டெழுத்துச் சொல். கணினிக்கோ அது 15 குறிகள். ஆதலால், தமிழில் குறும்பதிவு எழுதுவோருக்குச் சொற்சுருக்கம் மேலும் இன்றியமையாததாகிறது.

புதுச்சேரியில் ஒரு நிகழ்வு

2012 அக்டோபர் இறுதியில், புதுச்சேரியைச் சேர்ந்த வணிகர் ஒருவர் அரசியல் பிரமுகர் ஒருவரைப் பற்றி ட்விட்டரில் எழுதிய குறும்பதிவுக்காகக் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தோர் 16 பேர் மட்டுமே எனச் செய்தித்தாள்கள் எழுதின. பதிவைக் காண்போரின் எல்லை 16 அன்று, உலகம் முழுவதும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

அடுத்த மாதம், மகாராட்டிர மாநிலத்தின் பால்கர் நகரில் இளம்பெண்கள் இருவர் கைதாயினர். தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டதைக் குறித்து ஒருவர் முகநூலில் கருத்துரைத்தார்; மற்றவர் அதற்கு விருப்பக்குறி இட்டார். ஒரு விரல் தொடுகையும் வழக்காயிற்று.

இவ்விரு நிகழ்வுகளிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பயன்படுத்தப்பட்டது. அது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிவகுத்த பிரிவாகும். அதனை எதிர்த்து ஷ்ரேயா சிங்கால் என்னும் மாணவி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. 'எரிச்சலூட்டுவது', 'பெரிதும் புண்படுத்துவது' முதலிய சொற்கள் தெளிவற்றவை என்றும், கருத்துரைத்தல் வேறு, வன்செயலுக்குத் தூண்டுதல் வேறு என்றும் தீர்ப்பு விளக்கிற்று. ஆயினும், அவதூறுக்கும் மிரட்டலுக்கும் உரிய பிற சட்டங்கள் தொடர்ந்து நடைமுறையில் உள்ளன. உரிமை உறுதியாயிற்று; பொறுப்பு நீங்கிவிடவில்லை.

பயனறிந்து தெரிதல்

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது இருவகைத் தளங்களும் பயன்பட்டன. படகும் உணவும் வேண்டுவோரின் குரலை முன்பின் அறியாதோரிடம் சேர்த்தது குறும்பதிவு. 'நலமாக இருக்கிறேன்' என்னும் செய்தியை நண்பர்களுக்குத் தெரிவிக்க உதவியது முகநூலின் பாதுகாப்பு அறிவிப்பு வசதி. அறியாதோரின் உதவி வேண்டுமாயின் முச்சந்தி பொருந்தும். அறிந்தோரின் அன்பு வேண்டுமாயின் திண்ணை போதும்.

அன்றாட வாழ்விலும் இதுவே அளவுகோல். மேட்டுப்பாளையத்தின் ஒரு தெருவில் மழைநீர் தேங்கினால், இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்துப் பொதுவெளியில் எழுதுவது உரிய துறையினரின் கவனத்தை ஈர்க்கும். குடும்ப விழாவின் ஒளிப்படமோ நட்பு வட்டத்துக்குள் இருப்பதே நன்று. நாள் குறிப்பிடாத உதவி வேண்டுகோள், தேவை தீர்ந்த பின்னும் பகிரப்பட்டு உதவுவோரை வீணே அலையவைக்கும். பதிவை அழித்தாலும், பிறர் எடுத்த திரைப்படி நிலைத்திருக்கும்.

எழுதும் முன் யார் படிப்பார், எத்துணைக் காலம் நிற்கும், யாருக்குப் பயன் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்பவர் எத்தளத்திலும் வழிதவறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவின் குறை ஒன்றை இடம், நாள், நேரம் ஆகியவற்றுடன் 280 குறிகளுக்குள் எழுதுக.
2. அதே செய்தியை நண்பர்களுக்கு உரிய பதிவாக மாற்றி எழுதி, இரண்டின் மொழிநடையையும் ஒப்பிடுக.