புதிய சமையலறை: முற்பட அமைக்க வேண்டியவையும் பிற்படச் சேர்க்கத் தக்கவையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, இருப்புப்பாதையையும் பெருஞ்சாலையையும் ஒட்டி அமைந்துள்ளது ஊரப்பாக்கம். நெல் விளைந்த நிலங்கள் பல அவ்வூரைச் சுற்றிலும் மனைகளாய் மாறியுள்ளன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. நிலமுடைய குடியானவர்களும் பழைய வீட்டைப் பிரித்துப் புதிதாய்க் கட்டிக்கொள்ளும் காலம் இது. அங்ஙனம் கட்டப் புகுவோரில் அநேகர் முகப்பையும் கூடத்தையும் குறித்து மிகுதியாக யோசிக்கின்றனர். சமையலறையையோ கொத்தனார் கேட்கும்பொழுதுதான் நினைக்கின்றனர். வீட்டுப் பெண்மக்கள் நாள்தோறும் பல மணி நேரம் நின்று உழைக்கும் இடம் அதுவே. அதன் அமைப்பில் நேரும் குற்றம் அவர்களுடைய கண்ணையும் மார்பையும் முதுகையும் ஆண்டுக்கணக்கில் வருத்தும்.

தேர்வுக்குரிய விதி

சமையலறைக்கு வேண்டும் வசதிகள் பலவாகக் கூறப்படினும், கையிலுள்ள பணமோ அளவுபட்டது. ஆதலால் எதை முதலிற் கொள்வது, எதை ஒத்திவைப்பது என்பதற்கு ஒரு விதி வேண்டும். அவ்விதி எளியது: சுவர் எழும்பியபின் மாற்றுவதற்கு அரியவற்றை முதலில் அமைக்க வேண்டும், கடையில் வாங்கி எந்நாளும் சேர்க்கத் தக்கவற்றைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தரைமட்டம், ஜன்னல், புகைபோக்கி, கழிவுநீர் வாட்டம், மேடையின் உயரம் என்னும் ஐந்தும் முதல் வகையைச் சார்ந்தவை. அலமாரிக் கதவு, பளபளப்பான ஓடு, விலையுயர்ந்த குழாய், மின்சாரக் கருவிகள் ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகி விடுவதே பெரும்பாலான குறைகளுக்குக் காரணம்.

1. புகையும் காற்றும்

விறகு, வறட்டி, சருகு ஆகியவற்றின் புகையை வெறுந் தொல்லையாக மட்டும் கருதுதல் தவறு. வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலக முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தார் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 400க்கு மேற்பட்ட கிராம வீடுகளில் புகைத்தூசியை அளந்து 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எரிபொருளின் வகையைப் போலவே சமையலிடத்தின் அமைப்பும் புகையின் அளவை நிர்ணயிக்கின்றது என்பதும், அடுப்பருகே செல்லாதோரும் அப்புகைக்கு ஆளாகின்றனர் என்பதும் அதனால் விளங்கின.

சமையலறையை அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் வைப்பது நெடுநாள் வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, அம்மூலையின் புகையை வீட்டுக்கு அப்பாற் கொண்டுபோகும். ஆயின் கோடைப் பிற்பகலில் எழும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வந்து, அதே புகையைக் கூடத்திற்குள் தள்ளும். வடகிழக்குப் பருவத்திலோ காற்று வேறு திசையினின்று வரும். எனவே, எந்த மூலையும் ஆண்டு முழுவதும் காப்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகளும், கூரைக்கு அடியில் வெப்பக் காற்று வெளியேறும் துவாரமும், விறகடுப்பு உள்ள இடத்தில் புகைபோக்கியும் இருப்பதே நம்பத்தக்க வழி. ஜன்னல் சுமார் 10 சதுர அடிக்குக் குறையாதிருத்தல் நலம்.

2. அடுப்பும் எரிபொருளும்

புகையில்லா அடுப்பு இந்நாட்டிற்குப் புதிதன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வகுத்து, அதனைப் பற்றிய சிறு நூலொன்றை 1953ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். மத்திய அரசாங்கமும் 1983ஆம் ஆண்டு தொடங்கிக் கோடிக்கணக்கான சீர்திருத்த அடுப்புகளைக் கிராமங்களில் பரப்பியது. ஆயினும் பல வீடுகளில் பயன் நிலைக்கவில்லை. ஒடிஸா மாநிலத்தில் நான்காண்டுகள் நடந்த ஓர் ஆராய்ச்சியில், முதலாண்டிற் குறைந்த புகை பின்னர்ப் பழைய நிலைக்கே திரும்பியது காணப்பட்டது. குழாயைச் சுத்தம் செய்யாமலும், வெடித்த அடுப்பைப் பூசாமலும் விட்டதே அதற்கு முக்கிய காரணம். புகைபோக்கி அமைப்போர் அதன் அடியில் கரியை வாரியெடுக்க ஒரு திறப்பும், மேலேறித் துடைக்க வழியும் வைத்தல் வேண்டும். குழாய் 4 அங்குல விட்டம் உடையதாய், கூரைக்கு மேல் 2 அடியேனும் உயர்ந்து, மழை புகாத மூடியுடன் இருத்தல் வேண்டும். மாதம் ஒரு முறை கரியை அகற்றுதல் அவசியம்.

அடுப்பின்மேல் விதைச் சுரைக்காயையும் சோளக்கதிரையும் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காப்பது குடியானவர் வழக்கம். கூரை மூங்கிலையும் புகையே பூச்சியினின்று காக்கிறது என்பர். அது உண்மையே. ஆயினும் அதன் பொருட்டு வீட்டார் புகையை உண்ண வேண்டுவதில்லை. விதையை நன்கு வெயிலிற் காயவைத்துச் சாம்பலோடும் உலர்ந்த வேப்பிலையோடும் காற்றுப் புகாத கலத்தில் அடைத்தால் அதே பயன் கிடைக்கும்.

ஐந்து மாடுகள் உள்ள குடும்பம் சாண எரிவாயுவைப் பற்றி யோசித்தல் தகும். நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால், 2 கன மீட்டர் கலம் ஐந்தாறு பேருள்ள குடும்பத்தின் சமையலுக்குப் போதும். கழிந்து வரும் குழம்பு வயலுக்கு நல்ல உரமாகும். வறட்டியாக எரிக்கும் சாணத்தில் இவ்வுரம் வீணாகின்றது. கலத்தைத் தொழுவத்துக்கும் சமையலறைக்கும் அண்மையிலும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பாலும் அமைக்க வேண்டும்.

உருளையில் அடைத்த சமையல் வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் தரையோடு தங்கும். ஆகையால் உருளையைப் பள்ளத்திலோ அடைத்த பெட்டிக்குள்ளோ வைத்தல் ஆகாது. அதனை நிமிர்த்தி நிறுத்தி, அடுப்பை அதற்கு மேலான மட்டத்தில் வைக்க வேண்டும். தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு துவாரம் விடுதல் மிக அவசியம். இது கட்டும்பொழுது செங்கல் ஒன்றை விடுவதனால் ஆகும் காரியம். பின்னர்ச் செய்யவோ சுவரை உடைக்க வேண்டும். வாயு நாற்றம் கண்டால் மின்விசையைத் தொடாமல், வாயுவின் வழியை அடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்.

3. தரைமட்டமும் நீரும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ந் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றுப் படுகையிலுள்ள தாழ்ந்த மனைகளில் வெள்ளம் வீட்டினுட் புகுந்தது. இப்பகுதியில் சாலைகள் செப்பனிடப்படுந்தோறும் உயர்ந்து வருவதால், இன்று தெருவுக்கு மேலிருக்கும் தரை சில ஆண்டுகளில் தெருவுக்குக் கீழாகி விடுகின்றது. எனவே சமையலறைத் தரையைத் தெருமட்டத்திற்கு மேல் 2½ அடியேனும் உயர்த்துதல் வேண்டும்; வெள்ளம் கண்ட மனைகளில் அப்பொழுது நீர் நின்ற அடையாளத்தை விசாரித்து அதற்கு மேலாக வைக்க வேண்டும். மின்சாரப் பொருத்திகளும் மேடைக்கு மேலேயே அமைதல் நலம்.

கழிவுநீர் தானே ஓட வேண்டும். தரைக்கும் குழாய்க்கும் 60 அங்குலத்திற்கு 1 அங்குலம் வாட்டம் வைக்கலாம். தொட்டிக்கு அருகே சோற்றுப்பருக்கையும் காய்கறித் தோலும் தங்கும் சல்லடைக் குழி ஒன்று இருந்தால் குழாய் அடைபடாது. அந்நீரைத் தெருவில் விடாமல் வாழை, சேம்பு, கல்வாழை நட்ட பாத்திக்குத் திருப்பினால் கொசுவும் குறையும். கோடையில் மரத்திற்கு நீரும் ஆகும். கிணற்றுக்கு அருகே மட்டும் இப்பாத்தி கூடாது.

4. மேடையின் உயரமும் நடையும்

அடுப்பிலிருந்து நீர் எடுக்கும் இடம் 50 அடி தூரம் என்றும், நாளொன்றுக்கு 20 முறை சென்று மீள்வதாகவும் கொண்டால், ஒரு நாளைக்கு 2,000 அடி நடையாகும். ஓராண்டில் அது 220 கிலோமீட்டரைத் தாண்டும். தூரத்தை 5 அடியாக்கினால் இருபத்திரண்டே கிலோமீட்டர். இத்தகைய கணக்கைக் கொண்டே ஜெர்மனி நாட்டில் மார்கரெட்டே ஷூட்டே லிஹாட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், 1926ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்கு ஒரு சமையலறையை வகுத்தார். ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமும் உள்ள அவ்வறை, சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது.

அவ்வளவை அப்படியே கொள்ளுதல் இந்நாட்டிற்குப் பொருந்தாது. ஒருத்தி மட்டும் நின்று சமைக்கும் அறை அது. மாமியும் மருமகளும் சேர்ந்து சமைக்கும் வீட்டில், பொங்கலுக்கும் சீமந்தத்திற்கும் பெரும்பாத்திரம் ஏறும் இடத்தில், இருவர் உராயாமல் நடக்க 4 அடி வழி வேண்டும். நீர், வெட்டும் மேடை, அடுப்பு என்னும் மூன்றும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்னும் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வது போதும்.

மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கத்திற்கு விட்டுவிடுதல் கூடாது. சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்குக் கீழ் 4 முதல் 6 அங்குலத்தில் மேடை அமைய வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்கு இது 32 அங்குல அளவில் வரும். அரிவாள்மணையும் அம்மியும் வழங்கும் வீட்டில், அமர்ந்து வேலை செய்ய வெளிச்சமுள்ள ஒரு மூலையை ஒதுக்குதல் வேண்டும். முதியோருக்கு அதுவே சௌகரியம்.

5. சேமிப்பு

நாள்தோறும் எடுக்கும் பொருள்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எடுக்கும் அண்டாவும் குண்டானும் பரணுக்கு உரியவை. கல்பலகைத் தட்டு 12 அங்குல ஆழத்திற்கு மேற்பட்டால் பின்னுள்ளது கண்ணுக்குப் படாமல் கெடும். அரிசி மூட்டையைச் சுவரை ஒட்டாமல், தரைக்கு 6 அங்குலம் உயர்ந்த மரப்பலகைமேல் வைக்க வேண்டும். நெல்லுக்கும் உரத்திற்கும் பூச்சி மருந்திற்கும் சமையலறையில் இடமே இல்லை. மருந்தைப் பூட்டிய தனியறையில் வைத்தல் வேண்டும்.

6. பிற்படச் சேர்க்கத் தக்கவை

மாவரைக்கும் இயந்திரமும் மிக்சியும் இன்று ஆடம்பரம் அல்ல. 2011 செப்டம்பரிலிருந்து மாநில அரசாங்கமே அவற்றை விலையின்றி வழங்கியதால் எளிய வீடுகளிலும் புகுந்துள்ளன. எனினும் கட்டும் காலத்தில் வேண்டுவது இயந்திரமன்று, அதற்குரிய மின்கம்பியே. நிலத்தொடர்புள்ள மூன்று பொருத்திகளும், கசிவு நேர்ந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் முதலிலேயே அமைந்தால், இயந்திரத்தை எப்பொழுது வேண்டுமாயினும் வாங்கலாம். பொருத்தியும் தண்ணீர்த் தொட்டியும் அருகருகே இருத்தல் ஆகாது. ஓடும் மரவேலையும் அறுவடைப் பணம் வரும் ஆண்டிற்குக் காத்திருக்கலாம்.

கிராம அலுவலர்கள் கவனிக்க வேண்டியது

2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. இத்தகைய சிறு வீட்டில் ஒவ்வோர் அடியும் எண்ணிச் செலவிடத் தக்கது. ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் வரைபடத்தைப் பார்க்கும்பொழுதே, எதிர்ச்சுவர் ஜன்னல் உண்டா, தரைத் துவாரம் உண்டா, கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்பாராயின் பெருநன்மை விளையும்.

நிலமுடையோர் கடைக்கால் தோண்டுமுன், மனையில் சுண்ணாம்புக் கோடிட்டு, சமைக்கப் போகும் பெண்மக்களை அதனுள் நிற்கச் செய்து, அடுப்பும் நீரும் எங்கு அமைய வேண்டும் என அவர்களையே கேட்டல் வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. கோட்டை அன்று மாற்றலாம். சுவரைப் பின்னர் மாற்றுதல் அரிது.